காவல்காரனுக்கு நான் எழுதிய ஒரு வரி

எழுபத்தெட்டு வயதில், மாட்டுங்காவில், என் வீட்டு ஹாலில், சாயங்காலம் ஐந்து மணிக்கு நான் ஒரு கிணற்றில் விழுந்தேன். காயம் ஒன்றும் இல்லை. கையில் இருந்த காபி கூடச் சிந்தவில்லை. விழுந்தது நான் நடித்துக்கொண்டிருந்த ஒரு வைத்தியர். ஆனால் அந்தக் கிணற்றில் வைத்து நான் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. முப்பத்தைந்து வருஷம் தாமதமான ஒப்புதல். அதை எழுதிவிடுவதுதான் மரியாதை.

என் மகள் செம்பூரில் இருக்கிறாள். வயது நாற்பதை நெருங்குகிறது, பெரிய வேலை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் சிநேகிதிகளோடு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஒரு விளையாட்டு விளையாடுவாள். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். "கதவை உடைக்கிறேன்", "ராட்சசனை வெட்டுகிறேன்" என்று வாயால் சொன்னால் போதும். அது நடக்குமா நடக்காதா என்பதை இருபது முகம் உள்ள ஒரு பகடை சொல்லிவிடும். எழுந்து ஓட வேண்டாம், குனிய வேண்டாம். மூட்டு வலிக்காரர்களுக்கென்றே செய்தது போல இருக்கிறதே என்று, தன் ஹவுசிங் சொஸைட்டியின் முதியவர்களுக்கு ஒரு நாள் இதை நடத்த அவள் தீர்மானித்தாள்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. புதிதாக ஆட வருகிறவர் தன் பாத்திரத்தைத் தானே உருவாக்க ஆரம்பித்தால், பலம் எத்தனை, புத்தி எத்தனை, கையில் கத்தியா கயிறா என்று யோசித்தே இரண்டு மணி நேரம் போய்விடும். அதற்குள் பாதிப் பேருக்கு மாத்திரை நேரம் வந்துவிடும். அதனால் ஆரம்பக்காரர்களுக்கு முன்கூட்டியே எழுதிவைத்த பாத்திரங்களைக் கொடுப்பார்களாம். ஆளுக்கு ஒரு பக்கம். அதில் இருப்பதைப் படித்து, அந்த ஆளாகவே நடந்துகொள்ள வேண்டியதுதான். ரெடிமேட் ஆட்கள்.

"அப்பா, நீ எழுதிக் குடு. தமிழ்ல, கொட்டை எழுத்துல. இங்கிலீஷ் ஷீட்ல எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி இருக்கு."

"எனக்கு ராட்சசன், மந்திரவாதி எல்லாம் பழக்கமில்லையேம்மா."

"அரே, ஆபீஸ்ல முப்பது வருஷம் இருந்தியே!"

எழுத உட்கார்ந்தேன். முதலில் எழுதியது வைத்தியர். "நேரம் தவறாதவர். சொல்லாமல் விடுப்பு எடுத்ததில்லை. சக ஊழியர்களுடன் சுமுகமாகப் பழகுவார்." இதை மகளுக்குப் படித்துக் காட்டினேன். தலையில் அடித்துக்கொண்டாள்.

"அப்பா, இவன் ராட்சசன் கோட்டைக்குப் போறான். இன்க்ரிமென்ட் வாங்கப் போகலை."

அவள் கேலி செய்தாலும், நான் எழுதிக்கொண்டிருந்தது எனக்கு நன்றாகத் தெரிந்த வகைதான். எங்கள் கம்பெனியில் வருஷத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு ஊழியரைப் பற்றியும் ரகசியக் குறிப்பு ஒன்று மேலே போகும். சி.ஆர். என்பார்கள். கையெழுத்து மேனேஜருடையது. ஆனால் எங்கள் மேனேஜருக்கு இங்கிலீஷ் அவ்வளவாக ஓடாது. எனக்கு ஓடும். காலேஜில் இங்கிலீஷுக்கு மெடல் வாங்கியவன் நான். அதனால் கதவைச் சாத்திக்கொண்டு நான் எழுதுவேன், அவர் கையெழுத்துப் போடுவார். இது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த ஏற்பாடு.

என் நண்பனுக்கும் நான்தான் எழுதினேன். ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், ஒரே லோக்கல் ரயிலில் போய் வந்தவர்கள், ஒரே டப்பாவில் சாப்பிட்டவர்கள். அந்த வருஷம் அவனுக்கு ஆபீசர் பதவி வர வேண்டியது. அவன் குறிப்பின் கடைசியில் நான் ஒரு வரி எழுதினேன். தமிழில் சொன்னால் இப்படி வரும்: "நல்ல விளக்கு. ஆனால் ஏற்றிவைக்க இன்னொருவர் வேண்டும்."

பொறாமையால் எழுதினேன் என்று சொன்னால்கூட அதில் ஒரு கௌரவம் இருக்கும். பொறாமை இல்லை. அந்தப் பதவிக்கு நான் போட்டியிலேயே இல்லை. வாக்கியம் அழகாக அமைந்துவிட்டது, அவ்வளவுதான். அந்த வரியை அடித்துவிடப் போனேன், மனசு வரவில்லை. மேனேஜர் இரண்டு தடவை வாய்விட்டுப் படித்து "பலே" என்றார். பதவி கல்கத்தாவிலிருந்து வந்த யாரோ ஒருவருக்குப் போயிற்று. நண்பன் இன்னும் பதினொரு வருஷம் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

பாதகமான வரி இருந்தால் அதைக் கடிதமாக ஊழியருக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி. அந்தக் கடிதத்தை அவன் டப்பாப் பைக்குள் வைத்து ரயிலில் என்னிடம் காட்டினான். "பாரும் ஓய், விளக்காம், ஏத்தணுமாம்! அந்த ஆளுக்கு ஒரு ஃபேன் ஸ்விட்சைத் தானாப் போடத் தெரியுமா?" என்று மேனேஜரைத் திட்டினான். "இதுக்கு நீர்தான் நல்ல இங்கிலீஷ்ல ஒரு பதில் எழுதித் தரணும்."

எழுதிக் கொடுத்தேன். மூன்று பக்கம். என் வாக்கியத்தை நானே மறுத்து எழுதினேன். அது எடுபடவில்லை. ஒரு வரிக்கு முன்னால் என் மூன்று பக்கம் நிற்க முடியவில்லை என்பதில் எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. வெட்கத்தோடுதான் சொல்கிறேன்.

அதன் பிறகு வருஷக்கணக்காக அவன் மேனேஜரைத் திட்டுவான், நான் "ஆமாம் ஓய்" என்பேன். மேனேஜர் காலமானபோது, "அந்த ஆள் போட்டோவுக்கு நான் பூப்போட மாட்டேன்" என்று வீட்டிலேயே இருந்துவிட்டான். அவன் பங்குக்கும் சேர்த்து நானே போட்டுவிட்டு வந்தேன்.

இவ்வளவையும் ஏன் சொல்கிறேன் என்றால், நான்கு பாத்திரங்களில் கடைசியாகக் காவல்காரனை எழுதும்போது எனக்கு அசதி. பலம் அதிகம், முதுகில் நீளமான கயிறு, பயம் கிடையாது. ஆள் எப்படிப்பட்டவர் என்று ஒரு வரி எழுத வேண்டும் என்று மகள் சொல்லியிருந்தாள். பேனா தானாகவே எழுதிற்று: "நல்ல விளக்கு. ஆனால் ஏற்றிவைக்க இன்னொருவர் வேண்டும்." சத்தியமாக அப்போது எனக்கு உறைக்கவில்லை. என்னிடம் இருந்த சரக்கு அவ்வளவுதான் போலிருக்கிறது. மகளாவது கண்டுபிடித்திருப்பாளா என்றால், அவள் தமிழ் படிப்பது கல்யாணப் பத்திரிகையில் மண்டபத்தின் பெயரைக் கண்டுபிடிக்கும் அளவுக்குத்தான். பக்கங்களைப் புரட்டிப் பார்த்து, "ஃபான்ட் மஸ்த், ஜோரா இருக்குப்பா" என்றாள். அது என் கையெழுத்து.

செம்பூரில் நடத்துவதற்கு முன் எங்களை வைத்து ஒரு ஒத்திகை பார்க்க ஆசைப்பட்டாள். நண்பனும் அவன் மனைவியும் வந்தார்கள். நாலாவது ஆளாக, காலை நடையில் பழக்கமான ஒரு திருநெல்வேலிக்காரரைக் கூப்பிட்டிருந்தேன். தாராவியில் தோல் பைகள் செய்யும் பட்டறை வைத்திருந்து இப்போது பிள்ளைகளிடம் விட்டுவிட்டவர். நாங்கள் பாய் என்று கூப்பிடுவோம்.

மகள் நான்கு பக்கங்களையும் கவிழ்த்துவைத்து எடுக்கச் சொன்னாள். நண்பனின் மனைவிக்கு மந்திரவாதி. பாய்க்குத் திருடன். "என்னம்மா, நாப்பது வருசம் நேர்மையாத் தொழில் பாத்தவனுக்கு இதா குடுக்கீய?" என்றாலும் முகத்தில் சந்தோஷம் தெரிந்தது. எனக்கு வைத்தியர். மிச்சம் இருந்தது காவல்காரன்.

நண்பன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாய்விட்டுப் படித்தான். பலம், கயிறு, பயம் கிடையாது. பிறகு கடைசி வரி. படித்தான். இன்னொரு தடவை, மெதுவாக. கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தான். எனக்கு அப்போதுதான் உறைத்தது. டம்ளரை எடுத்து வாயை மறைத்துக்கொண்டேன்.

"நன்னா எழுதியிருக்கீர் ஓய்" என்றான். அவ்வளவுதான்.

ஆட்டம் தொடங்கியது. கோட்டை வாசலில் பூட்டிய கதவு.

"மாமா, நீங்கதான் பலசாலி. உடைக்கறேளா?" என்றாள் மகள்.

"யாராவது சொன்னா உடைக்கறேன்."

"நான்தான் சொல்றேனே."

"நீ கதை சொல்றவ. எனக்கு மேலதிகாரி இல்லையே."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், பல் மட்டும். பாய் பூட்டைத் திருட்டுச் சாவியால் திறந்தார். உள்ளே ராட்சசன் தூங்கிக்கொண்டிருந்தான். காவல்காரன் வாசலிலேயே நின்றான். "என்னை யாரும் ஏத்திவைக்கலை" என்றான். நண்பனின் மனைவிக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏன்னா, ஆத்துலதான் ஒரு துரும்பை எடுத்துப் போட மாட்டேள். விளையாட்டுலயுமா?"

அடுத்து என் முறை. கோட்டைக்குள் இருந்த கிணற்றோரமாக நடக்கிறேன் என்று சொல்லிப் பகடையை உருட்டினேன். ஒன்று விழுந்தது, இருப்பதிலேயே மோசமான எண். வழுக்கிக் கிணற்றுக்குள் போனேன்.

"தண்ணி ஏறிண்டே இருக்கு. இப்போ முழங்கால்" என்றாள் மகள் உற்சாகமாக. "கயிறு மாமாகிட்ட மட்டும்தான் இருக்கு."

எல்லோரும் நண்பனைப் பார்த்தார்கள்.

"கயிறு இருக்கு" என்றான் அவன். "ஆனா போடலாமா வேண்டாமான்னு நான் முடிவு பண்ணப்படாது. ஷீட்டுல போட்டிருக்கே."

"இடுப்பு" என்றாள் மகள்.

"நான் சொல்றேன், போடுங்கோ!" என்றாள் அவன் மனைவி.

"நீ மந்திரவாதி. விளக்கை ஏத்த வேண்டியவர் கிணத்துக்குள்ள இருக்கார். அவர் சொல்லட்டும்."

"ஓய், கயிறைப் போடும்" என்றேன்.

"அது இல்லை. இந்த வரியை எழுதினது யாருன்னு சொல்லும்."

"அப்பாதான் மாமா எழுதினார். எல்லா ஷீட்டும் அவர்தான்."

"இந்த ஷீட் இல்லைம்மா. இதுக்கு முன்னாடி ஒரு ஷீட் இருந்தது. இங்கிலீஷ்ல."

மகள் என்னைப் பார்த்தாள். மெதுவாக, "மார்பு" என்றாள்.

பாய் என் முழங்கையைத் தொட்டார். "சார், இது ஆட்டமா நெசமா? வெளங்க மாட்டேங்கே."

மேஜையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். "நான்தான் எழுதினேன். மேனேஜர் இல்லை. கையெழுத்து மட்டும் அவர் போட்டார்."

"எதுக்கு?"

"வாக்கியம் நன்னா இருந்தது."

இந்த ஒரு பதிலை மட்டும் அவன் எதிர்பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். பொறாமை, கோள், மேனேஜரின் கட்டாயம் என்று எதற்கும் தயாராகத்தான் இருந்திருப்பான். கையிலிருந்த காகிதத்தைக் கீழே வைத்தான். "அப்போ அந்த மூணு பக்கப் பதில்?"

"அதுவும் நான்தான்."

"அது தெரியும் ஓய்! அதான் தோத்துது!"

அவன் மனைவி மந்திரவாதியின் பக்கத்தை விசிறியாக்கி வீசிக்கொண்டிருந்தாள். "அந்த மேனேஜர் பாவம். முப்பது வருஷமா எங்காத்துல அவருக்குத் தினம் அர்ச்சனை" என்றாள்.

"கழுத்து" என்றாள் மகள். அவளுக்கு ஆட்டம் ஆட்டம்தான்.

நண்பன் தன் பக்கத்தைத் தூக்கிப் பிடித்தான். "ரெடிமேட் ஆளாச்சே. எழுதினபடிதானே நடக்கணும்?"

"அது எந்தச் சட்டத்துல இருக்கு?" என்றார் பாய். "ரெடிமேடு சட்டையில கை நீளமா இருந்தா வெட்டித் தச்சுக்கிட மாட்டோமா? வெட்டும் சார்."

மகளும் தலையாட்டினாள். பிடிக்காத வரியை யார் வேண்டுமானாலும் மாற்றலாம், அதுதான் முறை என்றாள்.

அவன் என் சட்டைப் பையிலிருந்தே பேனாவை எடுத்தான். அந்த வரியை அடித்தான். ஒரு கோடு போதாமல் நாலு கோடு போட்டான். பேனாவை மூடி என் பையில் திருப்பிச் செருகினான்.

"இப்போ நானா ஒரு முடிவு எடுக்கறேன். கயிறைச் சுருட்டித் தோள்ல மாட்டிண்டு ஆத்துக்குப் போறேன்."

நிஜமாகவே எழுந்து போய்விட்டான். அவன் மனைவி செருப்பை மாட்டிக்கொண்டே, "ராட்சசன் என்ன ஆனான்னு ஃபோன்ல சொல்லும்மா" என்று சொல்லிவிட்டு அவன் பின்னால் ஓடினாள்.

"சாரிப்பா. நீ போயிட்ட" என்றாள் மகள்.

திங்கள் காலை நடைக்கு அவன் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. பாய் மட்டும் வந்தார். இரண்டு சுற்று நடந்துவிட்டு, "அந்த வரி ஒண்ணும் அவ்வளவு ஒசத்தியா எனக்குத் தெரியலையே சார்" என்றார். புதன்கிழமை நண்பனின் மனைவிக்கு ஃபோன் செய்தேன். "டைனிங் டேபிளை அடைச்சுண்டு மூணு நாளா எதையோ எழுதறார், கிழிக்கறார். கேட்டா ஆபீஸ் விஷயம்ங்கறார்" என்றாள். வக்கீல் நோட்டீஸாக இருக்குமோ என்றுகூட நினைத்தேன். ஐம்பது வருஷத்தில் அவனோடு பேசாமல் நான் கழித்த நீளமான வாரம் அதுதான். இந்த வயதில் அவனைப் போல இன்னொருவனை எங்கே போய்த் தேடுவது?

ஞாயிற்றுக்கிழமை மகளும் பாயும் ஆட்டத்தை முடிக்க வந்திருந்தார்கள். நான்கு மணிக்கு மணி அடித்தது. வந்தான். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மடித்த காகிதம் ஒன்றை என் முன்னால் வைத்தான்.

"வைத்தியர்தான் போய்ச் சேர்ந்தாரே. உமக்கு வேற ஆள் வேண்டாமா? படியும். எல்லாருக்கும் கேக்கறாப்பல."

படித்தேன்.

"குமாஸ்தா. பலம் குறைவு. புத்தி உண்டு, ஆனால் வேண்டாத இடத்தில். நல்ல வாக்கியம் கிடைத்தால், கூட இருப்பவனை விற்றுவிடுவார். உண்மை பேசுவார், ஆனால் தண்ணீர் கழுத்துக்கு வந்த பிறகு. தனியாக எங்கும் அனுப்பக் கூடாது. காவல்காரன் கூடப் போக வேண்டும்."

பாய் கை தட்டினார். தண்ணீர் குடித்தேன்.

மகள் பகடையை என் பக்கம் தள்ளினாள். நான் காகிதத்தை இன்னொரு தடவை பார்த்தேன். ஐந்தாறு வரிக்குள் இரண்டு 'ஆனால்'. ஒன்றை எடுத்துவிட்டால் இன்னும் நன்றாக இருக்கும். என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போயிற்று. காவல்காரன் கண்ணாடிக்கு மேலாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பேனாவை விட்டுவிட்டுப் பகடையை எடுத்தேன்.