பட்டுப்புழு ஷெட்டில் காய்ந்த தக்காளி

அண்ணன் மகன் கோயம்புத்தூரில் படிக்கிறான். போன வாரம் லீவுக்கு வந்தவன் செல்போனில் ஒரு படத்தைக் காட்டினான். தமிழ்நாட்டு வரைபடம். புதிதாகத் தொழில் தொடங்கிய இடங்களிலெல்லாம் சிவப்புப் புள்ளி. கோயம்புத்தூர்ப் பக்கம் அம்மை போட்ட முகம் மாதிரி இருந்தது. ஓசூரில் ஒரு கொத்து. நம்ம தருமபுரி மாவட்டத்தில் புள்ளிகளைத் தேட வேண்டியிருந்தது. "ஏனத்தே, நம்ம ஊர்ல மட்டும் யாரும் எதுவும் ஆரம்பிக்க மாட்டேங்கறாங்க?" என்றான். தண்ணி இல்லப்பா என்று சொல்லி வைத்தேன். அது பொய்யில்லை, ஆனால் முழுக் காரணமும் இல்லை. எனக்குத் தெரிந்த இன்னொரு காரணத்தில் என் பங்கும் இருப்பதால் அவனிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்லலாம்.

எங்கள் ஊர் பாலக்கோட்டுக்குப் பக்கம். தக்காளி விலை விழுந்தால் ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போவார்கள். அந்தப் புளித்த வாடை பஸ் ஜன்னல் வழியாக வந்து சேலையில் ஒட்டிக்கொள்ளும். இப்போதும் அந்த வாடை அடித்தால் எனக்கு சரளா அக்கா ஞாபகம்தான்.

நான் பிளஸ் டூ முடித்து வீட்டில் சும்மா இருந்தேன். சித்தப்பா பட்டுப்புழு வளர்த்து நஷ்டப்பட்டுப் பூட்டி வைத்திருந்த ஷெட்டைக் கோயம்புத்தூர்க்காரப் பெண் ஒருவர் வாடகைக்கு எடுத்தார். அவர்தான் சரளா. நாற்பது வயதிருக்கும். தக்காளியை நறுக்கி, உலர்த்தும் மிஷினில் காயவைத்து, பொடியாக்கி அனுப்புவது தொழில். என்னையும் ஊர்ப் பெண்கள் நான்கு பேரையும் வேலைக்குச் சேர்த்துக்கொண்டார். எத்தனை கழுவியும் அந்த ஷெட்டில் மல்பெரி இலை வாசம் போகவே இல்லை.

ஊருக்கு அவர்மேல் நம்பிக்கை வரவில்லை. அதற்குக் காரணமும் இருந்தது. அதற்கு முன்பு ஒருவர் வந்து வீட்டுக்கு வீடு முயல் கொடுத்து, வளர்த்துத் தந்தால் நல்ல விலைக்கு வாங்கிக்கொள்வதாகச் சொல்லி முன்பணம் வாங்கிப் போனார். அதன் பிறகு ஆளைக் காணோம். எங்கள் வீட்டு முயல்களை நாங்களே தின்று தீர்த்தோம். அந்த மாதம் முழுக்க முயல் குழம்புதான்.

சித்தப்பாவுக்கு ஒரே கேள்வி. "ஓசூர்ல எடமில்லியா, கோயமுத்தூர்ல எடமில்லியா? எல்லாத்தையும் உட்டுட்டு இவ எதுக்கு இங்க வந்தா?" தக்காளி இங்கேதானே விளைகிறது என்று சரளா அக்கா சொன்ன பதில் யாருக்கும் போதவில்லை. அவ்வளவு சுலபமான பதிலில் ஏதோ இருக்கும் என்று நானும் நினைத்தேன். புருஷனை விட்டு ஓடிவந்தவள் என்றார்கள். பொடியில் சாயம் கலக்கிறாள் என்றார்கள். எனக்குப் பதினெட்டு வயது. துப்பறிகிற மிதப்பில் அவர் கைப்பையைக்கூட ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே தக்காளி நறுக்குவேன்.

ஒருநாள் அவரே என்னிடம் சொன்னார். "எங்கூர்ல ஒருத்தர் தொழில் ஆரம்பிச்சா, என்ன மிஷின் போட்டீங்கன்னு கேப்பாங்க கண்ணு. இங்க, ஏன் வந்தீங்கன்னு கேக்கறாங்க." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்தச் சிரிப்பையும் சந்தேகப்பட்டேன்.

ஷெட்டின் கோடியில் ஒரு சின்ன அறை உண்டு. முன்பு இலை கொட்டி வைத்த இடம். அது எப்போதும் பூட்டியே இருக்கும். சரளா அக்கா தினமும் தருமபுரியிலிருந்து பஸ்ஸில் வருவதாகச் சொல்லியிருந்தார். ஆனால் அவர் பஸ்ஸிலிருந்து இறங்கி நாங்கள் யாரும் பார்த்ததில்லை. சித்தப்பா என்னைக் கூப்பிட்டு விசாரித்தார். "அந்த ரூமுக்குள்ள மட்டும் எங்கள உடறதில்லீங்க சித்தப்பா" என்றேன். அந்த ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது. திரும்பவும் பட்டுப்புழு வளர்க்கப் போவதாகச் சொல்லி, மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொன்னார்.

லாரி வந்த அன்று அந்த அறையைத் திறந்தார்கள். ஊரே எட்டிப் பார்த்தது. நான்தான் முன்னால் நின்றேன். உள்ளே ஒரு கயிற்றுக் கட்டில், சின்ன கேஸ் அடுப்பு, கொடியில் மூன்று சேலைகள், சுவரில் ஆணியடித்து மாட்டிய ஒரு கண்ணாடி. அவ்வளவுதான். ஊரில் ஆறு வீட்டில் வாடகைக்குக் கேட்டிருக்கிறார். தனியாக வருகிற பொம்பளைக்கு வீடு இல்லை என்றிருக்கிறார்கள். சித்தப்பாவும் அதில் ஒருவர். சித்தப்பா லாரிக்காரரிடம் கயிற்றை இழுத்துக் கட்டச் சொல்லிக்கொண்டிருந்தார்.

சேலைகளை மடித்துக்கொண்டே சரளா அக்கா என்னிடம் சொன்னார். "ஓசூர்ல எடம் கெடச்சிருக்கு. நீ நல்லா வேலை செய்யற. வர்றியா கண்ணு?"

பூட்டிய அறையைப் பற்றிச் சொன்னது நான்தான் என்று அவருக்குத் தெரியுமா, தெரியாதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த நேரத்திலும் என் புத்தி போன போக்கைப் பாருங்கள். நான்கு பேர் இருக்க என்னை மட்டும் ஏன் கூப்பிடுகிறார் என்று யோசித்தேன். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். வீட்டில் கேட்கவே இல்லை.

சித்தப்பா பட்டுப்புழு வளர்க்கவில்லை. ஷெட் சில வருஷம் சும்மா கிடந்து, கூரை இறங்கி, கடைசியில் இடித்து பிளாட் போட்டு விற்றார்கள். என்னோடு வேலை செய்த பெண்களின் மகள்கள் இப்போது விடியுமுன் கம்பெனி பஸ் ஏறி ஓசூர் போகிறார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே தூங்கிவிடுகிறார்கள். அப்போதெல்லாம் நாங்கள் ஐந்து பேரும் பத்து நிமிஷம் நடந்து வேலைக்குப் போய், மத்தியானம் வீட்டுக்கு வந்து சுடுசோறு தின்றுவிட்டு, கை ஈரம் காயுமுன் மறுபடி நடந்து போவோம் என்று அந்த மகள்களில் ஒருத்தியிடம் சொன்னேன். "நம்ம ஊர்லயா?" என்று கேட்டாள். நம்பவில்லை.