நெஞ்சு நோகுது... ஸ்லைட்லி!

போன சனிக்கிழமை காலை ராணி அக்காவின் போன். மொன்ட்ரியால்-நோரில் இருக்கிறா. "தங்கச்சி, இவருக்கு நெஞ்சுக்குள்ள ஒரு மாதிரி இருக்காம். எமர்ஜென்சிக்கு ஒருக்காக் கூட்டிக்கொண்டு போறியே?"

ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கோ என்று கத்தினேன். அவர் விடுகிறார் இல்லையாம். பக்கத்து வீட்டுச் சனம் பார்க்குமாம்!

பதறியடித்துக்கொண்டு காரில் போனால், அவவின் கணவர் ஞானம் அண்ணை வாசலில் நிற்கிறார். முகம் வழித்து, அயர்ன் பண்ணின சேர்ட் போட்டு, பவுடரும் பூசி...

"என்ன அண்ணை, கலியாண வீட்டுக்கே போறியள்?"

"டொக்டர்மாரிட்டைப் பரதேசி மாதிரிப் போறதே, பிள்ளை?"

எமர்ஜென்சியில் நர்ஸ் ஆங்கிலத்தில் கேட்டா, என்ன செய்கிறது, கடுமையாக வலிக்கிறதா என்று. நான் வாய் திறக்க முன்னமே அண்ணை முந்திவிட்டார். முகம் நிறையச் சிரிப்பு. "நோ, நோ, மேடம். காஸ். ஒன்லி ஸ்லைட்லி."

மினுக்கின சேர்ட், சிரிச்ச முகம், வெறும் வாய்வு, அதுவும் ஸ்லைட்லி. அந்த நர்ஸ் பிள்ளை என்ன செய்யும்? காத்திருக்கச் சொல்லிக் கதிரையைக் காட்டினா.

இந்த ஸ்லைட்லி இருக்கிறதே... அகராதியில் 'சிறிதளவு' என்று போட்டிருக்கும். நம்பாதீர்கள்! என்னுடைய மேனேஜர் "ஐ ஆம் ஸ்லைட்லி டிஸப்பாயிண்டட்" என்றால் ஒபீஸே மூச்சு விடாது. வீடு விற்கிறவர் கூரை "ஸ்லைட்லி ஓல்ட்" என்றால் வாளி வாங்கி வைக்கவேண்டும். ஆனால் ஆஸ்பத்திரியில்? அங்கே அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான் — இவர் காத்திருக்கலாம்.

எங்கட ஆட்கள் நாங்களோ அதை மரியாதைக்குச் சொல்கிறோம். முன்பின் தெரியாத ஒருவருக்கு முன்னால் 'ஐயோ நோகுதே' என்று சொல்வது எங்களுக்கு என்னவோ அவமானம். ஆருக்கும் கரைச்சல் குடுக்கக்கூடாது, பாருங்கோ.

திரும்பிப் பார்த்தேன். அண்ணையின் நெற்றியில் பவுடரைக் கரைத்துக்கொண்டு வியர்வை ஓடுகிறது.

எனக்கு வந்ததே கோபம்! நேரே நர்ஸிடம் போனேன். "அவர் சொன்னதை நம்பாதீர்கள். மனைவியைக் கேளுங்கள்."

கூடவே வந்திருந்த ராணி அக்கா கதையைப் பிடித்துக்கொண்டா. "சொல்லு தங்கச்சி, நேற்றிலயிருந்து இந்த மனிசன் என்னோட ஒரு சண்டையும் பிடிக்கேல்லை. கிரிக்கெட் போகுது, ரீவியைத் திரும்பியும் பாக்கேல்லை. படி ஏறேக்கை இடையில குந்திட்டார். இடக்கை விறைக்குதாம்."

சண்டை, கிரிக்கெட் உட்பட ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். நர்ஸ் எழுந்தேவிட்டா. அடுத்த நிமிடம் அண்ணை கட்டிலில், சேர்ட் கதிரையில், நெஞ்சு முழுக்க வயர்.

இரத்தக் குழாயில் அடைப்பு. "இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால்..." என்று தொடங்கிய டொக்டர் வசனத்தை முடிக்கவில்லை. ராணி அக்கா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அழுதா. நானும்தான் அழுதேன்.

அடைப்பை எடுத்து, அண்ணையை வீட்டுக்கும் அனுப்பிவிட்டார்கள். நேற்றுப் பார்க்கப் போனேன். மனிதர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருக்கிறார்.

"அத்தினை சனத்துக்கு முன்னால என்ர மானத்தை வாங்கிப்போட்டியளே, பிள்ளை. வெக்கமாப் போச்சு."

"படுங்கோ அண்ணை, வடிவா வெக்கப்படுங்கோ. அதுக்கும் உயிர் இருக்கவேணும்!"