கறுக்க வேண்டிய திராட்சை

சொலாஞ்ச் அக்காவுக்கு உட்காரவே தெரியாது. சூப்பை அடுப்படியில் நின்றுகொண்டே குடிப்பார். மாதா கோயிலில்கூடக் கடைசித் தூணோரம் நிற்பார். பாதிரியார் முடிக்குமுன் வெளியே போய் வானத்தைப் பார்த்துவிட்டு வருவார். இதற்கெல்லாம் சிரித்துப் பழகிய எங்கள் ஊர், அந்த ஆகஸ்ட் மாதம் மட்டும் அவரோடு சேர்ந்து தவித்தது.

எங்கள் பக்கம் எங்கு பார்த்தாலும் வெள்ளைத் திராட்சைதான். ஷாக்கேர். கிரானியே மலை முன்னொரு காலத்தில் இடிந்து விழுந்த கற்குவியலில் வேறெது நட்டாலும் முனகும், ஷாக்கேர் முனகாது. குளிர்காலத்தில் பனிச்சறுக்க வருகிறவர்கள் உருக்கிய சீஸோடு அதன் வைனைத் தண்ணீர்போல் குடித்துவிட்டு, பெயர்கூடக் கேட்காமல் போவார்கள். அக்காவுக்கு அதுதான் ஆறவில்லை. மொரியென் பள்ளத்தாக்கில் அவருடைய மாமாவின் பாழடைந்த தோட்டத்தில் பெர்சான் என்கிற கறுப்புத் திராட்சை மிஞ்சியிருந்தது. ஜனவரியில் அதன் குச்சிகளை வெட்டிக்கொண்டு வந்து, பாதாள அறையில் ஈரமணலில் புதைத்து வைத்து, மே மாதம் தன் மேட்டுத்தோட்டத்து ஷாக்கேர் செடிகளின் தலையைச் சீவி ஒட்டுக் கட்டினார்.

கணவர் குளோவி அண்ணன் பனிச்சறுக்கு மலையில் ஆட்களை உச்சிக்கு ஏற்றும் கம்பிவட நாற்காலி ஓட்டுகிறவர். மேலே வீட்டோடு வருஷம் முழுக்க வேலை தருகிறோம் என்று அவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுப் போய்விடலாம் என்பது அவர் ஆசை. தலை சீவிய தோட்டத்தில் முதல் வருஷம் ஒரு கொத்துகூட இல்லை. அந்த அறுவடை சமயத்தில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான் இருவரும் ஒப்பந்தம் போட்டார்கள்.

"அடுத்த ஆகஸ்ட்ல கறுத்துச்சுன்னா இங்கேயே சாகலாம். கறுக்கலேன்னா பெட்டியக் கட்டு" என்றார் அண்ணன்.

"கறுக்கும்யா! ஒன் மூஞ்சிய விடக் கறுக்கும்!"

மறு வருஷம் காய்த்தது. ஆனால் கறுப்போ வெள்ளையோ, பிஞ்சில் எல்லாம் ஒரே பச்சை. ஆகஸ்ட் பிறந்ததும் கீழ்த்தோட்டங்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்த, சீக்கிரம் பழுக்கிற கறுப்பு ரகங்கள் நிறம் மாறத் தொடங்கின. அக்காவின் கொத்துகள் பட்டாணிபோல் பச்சையாகவே நின்றன. காலையில் கோழிக்குத் தீனி போடுமுன் ஒரு தடவை மேட்டுக்கு ஏறுவார். ரொட்டி வாங்கப் போகிறவர் ரொட்டியோடு மேட்டுக்குப் போய், அதை அங்கேயே மறந்துவிட்டு இறங்குவார். சாயங்கால வெயிலில் நிறம் வேறு மாதிரி தெரியுமோ என்று மறுபடி ஏறுவார்.

"சொலாஞ்ச், கறுப்புப் பெயின்ட் ஒரு டப்பா மிச்சமிருக்கு, தரட்டுமா?" என்று டிராக்டரிலிருந்தபடியே கத்துவார் பக்கத்துத் தோட்டத்து வியாலே.

"மொதல்ல ஒன் வழுக்கைக்கு அடிடா, வெயில்ல கண்ணு கூசுது!"

பதில் சூடாகத்தான் வரும். கைதான் இலையைப் பிய்த்துப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருக்கும்.

எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம் என்னுடையது; ஷாம்பேரி பல்கலைக்கழகத்தில் உயிரியல் படித்தேன். அங்கே சோதனைக்கூடத்தில் எனக்குத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். "ரெண்டு இலை குடுங்கக்கா, என்ன ரகம்னு ஒரே வாரத்துல சொல்லிடுவாங்க" என்றேன்.

"ஒனக்குக் காயிதம் போதும் தம்பி. எங்க வீட்டாளு கண்ணால பாத்தாத்தான் நம்புவாரு." ஒரு நிமிஷம் அசையாமல் நின்றார், அதுவே அதிசயம். "அதுவுமில்லாம, இல்லேன்னு வந்துட்டா மிச்ச நாள நான் எப்படிடா தள்ளுறது?"

ஆகஸ்ட் நடுவில் வரும் மாதா திருநாளன்று தெரு முழுக்க மேசை போட்டு, வைனில் வெந்த பன்றி சாசேஜ் பரிமாறினார்கள். அக்கா தட்டோடு மேட்டுக்குப் போய்விட்டார். அண்ணன் வீட்டு வாசலில் அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்ததை எல்லாரும் பார்த்தோம்.

மாதக் கடைசியில் ஒருநாள் காலை மேட்டிலிருந்து அலறல் கேட்டது. பாம்பு கடித்துவிட்டதோ என்று நானும் அண்ணனும் ஓடினோம். முதல் வரிசையில் அக்கா மண்டியிட்டிருந்தார். ஒரு கொத்தில் ஐந்தாறு மணிகள் ஊதா, கறுக்கத் தொடங்கும்போது வரும் நிறம். அடுத்த செடியிலும். அந்த வரிசை முழுக்க அப்படித்தான்.

நாளுக்கு நாள் ஊதா பரவியது. தோட்டத்தின் நடுவில் வந்து நின்றுவிட்டது. அந்தப் பக்கத்துக் கொத்துகள் பச்சையிலிருந்து மஞ்சளாகிக் கண்ணாடிபோல் மினுங்கின. சந்தேகமில்லாத வெள்ளை.

அண்ணன் நடுவில் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். "மாமா தோட்டத்துல கறுப்புக்கு நூலு கட்டி அடையாளம் வெச்சேன்னு சொன்னியே?"

"வெச்சேன்யா. குச்சி வெட்டறதுக்கு முந்துன அக்டோபர்ல, பழம் தொங்கறப்பவே கட்டிட்டேன். செவப்புக் கம்பளி நூலு."

"செடியிலயா, முட்டுக்கொம்புலயா?"

"கொம்புலதான்யா" என்றார் அக்கா.

மாமா காலத்துத் தோட்டங்களில் வரிசையே கிடையாது. ஒரு செடி பட்டுப்போனால், பக்கத்துச் செடியின் கிளையை மண்ணில் புதைத்து செடி போன இடத்தில் முளைக்க விடுவார்கள். கறுப்பின் கிளை வெள்ளையின் கொம்பில் ஏறும், வெள்ளையின் கிளை கறுப்பின் கொம்பில். ஜனவரியில் இலையுமில்லை, பழமுமில்லை. பனியில் கால் ஊன்ற முடியாத அவசரத்தில், நூல் கட்டிய கொம்பில் இருந்ததையெல்லாம் வெட்டி, கொம்புக்கொரு கட்டாக்கி வந்திருக்கிறார்; மே மாதம் கட்டு கட்டாகப் பிரித்து ஒட்டியதில் ஒரு பாதி கறுப்பு, மறு பாதி வெள்ளை.

"பாதிதான் கறுத்திருக்கு" என்றார் அண்ணன்.

"பாதியா முழுசான்னு அன்னிக்கு நீ சொல்லவேயில்லயே!"

"வக்கீலாப் போயிருக்க வேண்டியவடி நீ." அண்ணன் ஒரு மஞ்சள் மணியைப் பிடுங்கி வாயில் போட்டார். துப்பப்போனவர் துப்பவில்லை. இன்னொன்று பிடுங்கினார். "இது ஷாக்கேர் இல்ல. என்ன எழவு இது?"

அக்கா தின்று பார்த்தார். நான் தின்றேன். வேலிக்கு அந்தப்புறமிருந்து வந்த வியாலேயும் தின்றார். பெயின்ட் பேச்சையே காணோம். யாருக்கும் தெரியவில்லை.

"அதத் தனியா பிழிஞ்சு, வைனாக்கி, குடிச்சுப் பாத்தாத்தான் சொல்ல முடியும்" என்றார் அக்கா. "வசந்தம் வரைக்குமாவது ஆகும்."

அண்ணன் இன்னொரு மஞ்சள் மணியைப் பிடுங்கிக்கொண்டார். "வசந்தத்துக்கு அப்புறம் பெட்டியத் திரும்ப எடுப்பேன், ஞாபகம் வெச்சுக்க" என்றார். அன்று மாலை வாசலிலிருந்த அட்டைப்பெட்டிகள் உள்ளே போயின. அவற்றில் வெங்காயம் கொட்டி வைத்திருந்தார்கள்.

அறுவடை முடிந்த மறுநாள் அக்கா எங்கள் கதவைத் தட்டினார். காலணியை மாட்டிக்கொண்டிருந்தார், காரின் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. மாமா தோட்டத்தில் இலை உதிருமுன் போக வேண்டுமாம், என்னையும் கூப்பிட்டார். கையில் இரண்டு நூல்கண்டு. ஒன்று சிவப்பு, ஒன்று வெள்ளை.

"இந்தத் தடவ செடியிலயே கட்டணும்" என்றார். "ஏறுடா, சீக்கிரம்."