கன்னம் சிரிக்காத பக்கம்

அவள் என்னிடம் முதன்முதலாகக் கேட்டது, என் முகத்தைத் தொட்டுப் பார்க்கலாமா என்பதுதான்.

எழுபதுகளின் நடுப்பகுதி. என் கணவர் மெல்பேர்னின் கிளேட்டன் பகுதியில் இருந்த பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவர். நான் யாழ்ப்பாணத்தில் விஞ்ஞானம் படிப்பித்துவிட்டு வந்தவள். மெல்பேர்னில் என் சான்றிதழை ஏற்பதா வேண்டாமா என்று யாரோ யோசித்துக்கொண்டிருந்த காலத்தில் வீட்டில் சும்மா இருந்தேன். செங்கல் அடுக்குமாடி ஒன்றின் கீழ்த்தளத்தில் எங்கள் வீடு. பின்வளவில் எல்லோருக்கும் பொதுவாக, சுழலும் குடைபோல ஒரு துணிக்கொடி. அங்கே ஈரச் சீலையை விரித்துக்கொண்டிருந்தபோதுதான் பக்கத்து வீட்டுக்காரி வாளியோடு வந்து நின்றாள். என் வயதுதான் இருக்கும். காலை வணக்கம் சொன்ன பிறகும் என் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அவள் பேசியது ஆங்கிலம். என் காதில் அது எப்படி விழுந்ததோ அப்படியே எழுதுகிறேன்.

"கோவிக்கக் கூடாது. உம்மடை முகத்தை ஒருக்கால் தொட்டுப் பாக்கலாமோ?"

நான் பயந்து ஒரு அடி பின்னால் போனேன். அவள் சிரித்துவிட்டு விளக்கம் சொன்னாள். தொலைக்காட்சி நிலையமொன்றில் ஒப்பனைக் கலைஞராக வேலை. கலர் தொலைக்காட்சி வந்த புதிது அது. அதுவரை தான் படித்தவை எல்லாம் கறுப்பு வெள்ளைக்கு உரியவை என்றாள். அந்தக் காலத்தில் உதட்டுக்கு மண்ணிறம் பூசுவார்களாம். சிவப்பைப் பூசினால் திரையில் கரியாகத் தெரியுமாம். இப்போது எல்லாம் தலைகீழ். செய்தி வாசிப்பவரின் காதுகள்கூடப் பிரச்சினை. பின்னாலிருந்து வெளிச்சம் அடித்தால் இரண்டு காதும் தக்காளிபோலச் சிவக்கின்றன. "நேற்று முழுக்க ஒரு பெரிய மனிசனுக்குக் காதுக்குப் பூச்சுப் பூசினனான்," என்றாள்.

காதுக்குப் பூச்சு என்றதும் எனக்குப் பயம் போய்விட்டது. வெளிச்சம் காது மடலை ஊடுருவும்போது ஏன் சிவப்பு மட்டும் தப்பி வருகிறது என்பதைப் படிப்பித்தவள் நான். சீலையைக் கொடியில் போட்டுவிட்டு, தொடும்படி சொன்னேன்.

அவள் விரலால் என் தாடையோரம் தடவி, விரலைப் பார்த்தாள். "என்ன பூசியிருக்கிறீர்?"

"பௌடர். முகம் கழுவினாப் பிறகு எப்பவும் பூசுறனான்."

"வெயிலிலை பாத்தால் சாம்பல் பூசின மாதிரிக் கிடக்கு."

"சாம்பலும் பூசுறனாங்கள். அது நெத்தியிலை."

அவள் விளங்காமல் பார்த்தாள். திருநீற்றைப் பற்றி நான் சொல்லத் தொடங்க, அவளுடைய துணி வாளியிலேயே கிடந்தது. அப்படித்தான் எங்கள் பழக்கம் ஆரம்பித்தது.

அவளுக்கு என் முகம் தேவைப்பட்டதற்குக் காரணம் இருந்தது. சென்னையிலிருந்து பரதநாட்டியக் கலைஞர் ஒருவர் சிட்னியிலும் மெல்பேர்னிலும் ஆட வருகிறார். அவளுடைய நிலையத்தின் பகல் நிகழ்ச்சியில் சில நிமிடம் ஆடுவார். அவருக்கு முகம் செய்ய வேண்டியவள் இவள். மண்ணிற முகம் ஒன்றுக்கு அவள் இதுவரை பூச்சுப் பூசியதே இல்லை.

"ஒரு நிறமும் இல்லையோ உங்களிட்டை?" என்று கேட்டேன்.

அன்று பின்னேரம் தன் ஒப்பனைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கள் குசினிக்கு வந்து, அடுப்படி மேசையில் திறந்தாள். மெழுகுக் குச்சிகள்போல நிறக் குச்சிகள். ஒன்றில் 'இந்தியன்' என்று எழுதியிருந்தது. எனக்கு மகிழ்ச்சி. என் புறங்கையில் இழுத்துப் பார்த்தால் கூரை ஓட்டுத் துண்டின் நிறம். அது எங்களுக்கு உரியது அல்ல, அமெரிக்கப் படங்களில் குதிரையில் வருகிற செவ்விந்தியருக்கு உரியது என்று அவள் சொன்னாள். அவர்களாக நடித்ததும் பெரும்பாலும் வெள்ளைக்காரர்தானாம். குச்சியை மூடிப் பெட்டியில் போட்டாள்.

"கையிலை பாக்கக் கூடாது," என்றாள் பிறகு. "கை வேறை நிறம், முகம் வேறை. தாடையும் கழுத்தும் சந்திக்கிற இடத்திலை பூசிப் பாக்கவேணும். விளக்கடியிலை இல்லை, யன்னலுக்கு முன்னாலை. பூசினவுடனையும் முடிவெடுக்கக் கூடாது. தோலிலை கொஞ்ச நேரம் ஊறினால் நிறம் இருளும்."

குசினி யன்னல் ஓரம் கதிரையைப் போட்டு என்னை இருத்தினாள். சோஸர் ஒன்றில் மஞ்சளும் சிவப்பும் கறுப்பும் குழைத்தாள். முதல் கலவை சேறு மாதிரி இருந்தது. கறுப்பு வேண்டாம், நீலத்தில் ஒரு பொட்டுப் போட்டுப் பாரும் என்று சொன்னது நான். மஞ்சளையும் சிவப்பையும் நீலம் அடக்கினால் மண்ணிறம் உயிரோடு வரும் என்று நினைத்தேன், வந்தது. ஆனால் அந்த நிறம் என் கன்னத்தில் பொருந்தியது, நெற்றியில் பொருந்தவில்லை. வாயைச் சுற்றி இன்னொன்று, கண்ணுக்குக் கீழே வேறொன்று.

"உமக்கு ஒரு நிறம் இல்லை," என்றாள் அவள், கண்டுபிடித்துவிட்ட குரலில். "நாலைஞ்சு நிறம் இருக்கு."

கல்யாணம் பேசிய காலத்தில் என்னைப் பொதுநிறம், கறுப்புமில்லை வெள்ளையுமில்லை, என்று சொன்னார்கள். அந்த ஒற்றைச் சொல்லோடுதான் அத்தனை வருடமும் கண்ணாடி பார்த்திருக்கிறேன். அன்று அவள் போன பிறகு யன்னலடியில் கைக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் இருந்தேன். நெற்றியின் ஓரத்தில் ஒரு நிறம் மெல்ல மற்றொன்றாக மாறும் இடத்தைத் தேடினேன். அழகாக இருக்கிறேனா என்ற கேள்வி அப்போது மனதில் வரவில்லை. இத்தனை காலம் இதைப் பார்க்காமல் எப்படி இருந்தேன் என்பதுதான் ஆச்சரியம்.

அதன்பின் அவள் அடிக்கடி வந்தாள். பௌடரைத் தேய்க்காமல் பஞ்சால் ஒற்றி எடுக்கச் சொன்னாள். கண்ணுக்கு மை இழுக்கும்போது கண்ணை இறுக மூடாமல், தாடையைத் தூக்கிக் கீழே பார்த்தால் கோடு நடுங்காது என்றாள். என் தலைமயிர் அவளுக்குப் பெரிய புதிர். குளிர் காலத்தில் என் தேங்காயெண்ணெய் போத்தலுக்குள் கட்டியாகிவிடும். ஹீட்டர் அருகே வைத்து இளக்குவேன். அவள் அதை மோந்து பார்த்தாள், விரலில் தொட்டு நக்கியும் பார்த்தாள்.

"எண்ணெயைத் தலை தோய முதல் வையும், தோய்ஞ்ச பிறகு வையாதையும்," என்றாள். "பிறகு வைச்சால் கமெராவிலை தலை றப்பர் தொப்பி மாதிரித் தெரியும்."

"நான் கமெராவுக்கு முன்னாலை போறேல்லையே."

"போகாட்டிலும் தலையணை உறை எண்ணெய் பிடியாமல் தப்பும்."

ஈரத் தலையை மேலிருந்து சீப்பால் இழுத்துத்தான் எனக்குப் பழக்கம். நுனியிலிருந்து தொடங்கிச் சிக்கெடுத்து மேலே போகவேண்டும் என்று காட்டினாள். ஒரு பக்கம் நெளிந்த கொண்டைப் பின்னை, நெளிந்த பக்கம் தலையோடு படும்படி செருகினால் வழுக்காது என்பதும் அவள் சொல்லித்தான் தெரியும்; நான் அதுவரை மறுபக்கமாகவே செருகி வந்தேன். பதிலுக்கு நான் அவளுக்குச் சவுரி வைத்துப் பின்னக் காட்டினேன். பொய் மயிரைக் கட்டினால் அது தெரியாமல் மறைப்பதுதான் அவளுடைய தொழில். ஆட்டக்காரர் சவுரிக்குக் கீழே குஞ்சமும் தொங்கவிடுவார்கள் என்றபோது, இதை ஏன் ஒளிக்கவில்லை என்று கேட்டாள். வடிவாக இருக்கும் என்றேன்.

ஒளிப்பதிவு நாளன்று என்னையும் நிலையத்துக்கு அழைத்துப் போனாள். "மொழிக்கு ஒரு ஆள் வேணும் எண்டு சொல்லியிருக்கிறன்," என்றாள். ஆட வந்த அந்த அம்மாவுக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும் என்பது போன பிறகுதான் தெரிந்தது.

அவர் ஹோட்டலிலேயே முழு ஒப்பனையும் முடித்துக்கொண்டு வந்திருந்தார். நாற்பதைத் தாண்டியவர், நிமிர்ந்த முதுகு. முகத்தில் இளஞ்சிவப்பு கலந்த வெளிர் பூச்சுத் தடிப்பாக இருந்தது. கழுத்துக்குக் கீழே அவருடைய சொந்த நிறம், நல்ல கறுப்பு. என் சிநேகிதி அவரைக் கமெரா முன் நிறுத்தி, திரையை என்னிடம் காட்டினாள். முகம் தனியாக மிதந்தது.

"நீரே சொல்லும்," என்றாள் என்னிடம்.

பெரிய கலைஞர், வயதில் மூத்தவர். என்னவென்று சொல்வது? நான் தடுமாறுவதைக் கண்டு அவரே கேட்டார்.

"என்னம்மா, மேக்கப் சரியில்லையாமா?"

"அப்பிடி இல்லை... கமெராவுக்குக் கொஞ்சம் கூடிப்போச்சாம். உங்கடை நிறத்திலையே பூசலாமோ எண்டு கேக்கிறா."

"நான் சின்ன வயசுலேர்ந்து இப்படித்தான் போடுறேன். கடைசி வரிசைல இருக்கறவனுக்கும் கண்ணு மூக்கு தெரியணும்ல?"

அதை மொழிபெயர்த்தேன். "இஞ்சை கடைசி வரிசை இல்லை," என்றாள் சிநேகிதி. "பாக்கிற எல்லாரும் அவவின்ரை மூக்குக்கு முன்னாலைதான் இருக்கினம்."

அந்த அம்மா கதிரையில் உட்கார்ந்தார். சலங்கை ஒரு தரம் சத்தம் போட்டு அடங்கியது. பிறகு என்னிடம், குரலைத் தாழ்த்தி, தமிழில் சொன்னார்.

"மேடைன்னா ஆடி முடிச்சதும் மறந்துடுவாங்க. இது டிவி. இந்த ஊர்ல இத்தனை பேரும் பார்க்கப் போறாங்க, நான் கறுப்பா வரணுமா? நான் பொறந்தப்போ முதல்ல பார்த்தவங்களே அதைத்தான் சொன்னாங்களாம். இந்த வெள்ளைக்காரிக்கு அது எப்படிப் புரியும்?"

இதை நான் மொழிபெயர்க்கவில்லை. எனக்கு அந்த நேரத்தில் பள்ளிக்கூட ஆய்வுகூடம்தான் ஞாபகம் வந்தது. எது சரி என்று பிள்ளைகள் சண்டை பிடித்தால், இரண்டையும் செய்து பார்க்கச் சொல்வேன்.

"அம்மா, பாதி முகத்திலை மட்டும் பூசிப் பாப்பமோ? பிடிக்காட்டில் துடைச்சு விடலாம்."

அவர் சோஸரில் இருந்த கலவையைப் பார்த்தார். "இது என்ன கலர்? நீங்களே பண்ணினதா?" என்று கேட்டார். எங்கள் குசினியில் நடந்ததைச் சொன்னேன். நீலம் போட்டோம் என்றதும் புருவம் உயர்ந்தது. "நீலமா?" என்றார். பிறகு கண்ணை மூடி முகத்தைக் கொடுத்தார்.

இடப்பக்கம் துடைத்து, என் நிறத்துக்குக் குழைத்ததில் இன்னும் கொஞ்சம் நீலமும் சிவப்பும் சேர்த்து, தாடையில் வைத்துப் பார்த்து, அவருடைய நிறத்துக்கே பூசினாள் சிநேகிதி. கன்ன எலும்பின் மேல் மட்டும் கொஞ்சம் பொன்னிறம். மூக்கு நடுவில் கோடு பிரித்ததுபோல இரண்டு பேர் ஒரு முகத்தில் இருந்தார்கள்.

திரையை அந்த அம்மா பக்கம் திருப்பினார்கள். அவர் நிறத்தைப் பார்ப்பார் என்றுதான் நான் நினைத்தேன். அவர் ஆடத் தொடங்கினார். உட்கார்ந்தபடியே, முகத்தால் மட்டும். கோபம், வெட்கம், யாரையோ தூரத்தில் கண்ட சந்தோஷம். ஒவ்வொன்றாக மாறிக்கொண்டே வந்து, புன்னகையில் நின்றார். அதையே மறுபடி செய்தார். மூன்றாம் முறையும் செய்துவிட்டு வலப்பக்கத்தை விரலால் தொட்டார்.

"இந்தப் பக்கம் என் கன்னம் சிரிக்கலையே," என்றார்.

உண்மைதான். வெளிர் பூச்சு இருந்த பக்கத்தில் உதடு மட்டும் விரிந்தது; கன்னம் சுவர்போல நின்றது. மற்றப் பக்கத்தில் கன்னம் எழும்பி, அதன் கீழே ஒரு சின்ன நிழல் விழுந்து, கண்வரை சிரிப்பு ஏறியது. நான் அதை ஆங்கிலத்தில் சொன்னபோது சிநேகிதி திரைக்கு மிக அருகே போய்ப் பார்த்தாள். நிறம் பொருந்துவதைப் பற்றி மட்டும்தான் தான் யோசித்ததாகவும், இது தனக்குத் தோன்றவே இல்லை என்றும் சொன்னாள். இன்னொரு தரம் சிரித்துக் காட்ட முடியுமா என்று கேட்டாள். அந்த அம்மா காட்டினார். இருவரும் கன்னத்தைப் பற்றியே நேராக ஆங்கிலத்தில் பேசத் தொடங்கினார்கள். என் வேலை முடிந்தது.

"மொத்தத்தையும் எடுத்துடுங்க," என்றார் அவர் கடைசியில். "ஆனா கண் மை நான்தான் போடுவேன். அதுல கை வைக்க வேண்டாம்."

மை அவர் கையாலேயே போட்டுக்கொண்டார். சிநேகிதி சொன்ன ஒன்றையும் கேட்கவில்லை. கண்ணை அகலத் திறந்தபடி ஒரே இழுப்பு. சிநேகிதி பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தாள்.

மறுவாரம் ஒளிபரப்பானது. எங்கள் வீட்டில் இருந்தது பழைய கறுப்பு வெள்ளைப் பெட்டி. கணவர் விரிவுரையை விட்டுவிட்டு வந்து என்னோடு உட்கார்ந்து பார்த்தார்.

"இதுக்கோ இவ்வளவு பாடு? எல்லாம் சாம்பல் நிறமாத்தானே கிடக்கு," என்றார்.

"கன்னத்தைப் பாருங்கோ."

அவர் பார்த்தார். பிறகு கதிரையைப் பெட்டிக்குக் கிட்ட இழுத்துப் போட்டு, ஆட்டம் முடியும்வரை அங்கேயே இருந்தார்.

சிநேகிதி அடுத்த வருடம் சிட்னியில் வேறு நிலையத்துக்குப் போனாள். என் சான்றிதழை ஏற்றுக்கொண்டார்கள். நான் ஒரு உயர்பள்ளியில் மறுபடி விஞ்ஞானம் படிப்பிக்கத் தொடங்கினேன். போகுமுன் சிநேகிதி தந்துவிட்டுப் போன சில குச்சிகள் என்னிடம் இருந்தன. மெல்பேர்னில் அப்போது இருந்த விரல்விட்டு எண்ணக்கூடிய தமிழ்க் குடும்பங்களுக்குள் செய்தி பரவிவிட்டது. கல்யாணமென்றால் மணப்பெண்ணைச் சோடிக்க என்னைக் கூப்பிட்டார்கள். சனிக்கிழமைகளில் யார் யாருடைய வரவேற்பறைகளிலோ யன்னலைத் தேடிக் கதிரையை இழுத்துப் போட்டேன்.

முதல் கல்யாணத்தில் பொம்பிளையின் தாய் என்னைக் குசினிக்குள் கூட்டிப்போய்ச் சொன்னார்: "பிள்ளையைக் கொஞ்சம் வெளுப்பாக்கி விடுங்கோ. மாப்பிளை வீட்டுக்காரர் படமெல்லாம் எடுப்பினம்."

நான் மகளிடமே கேட்டேன். "உமக்கு எப்பிடி வேணும்?"

"எனக்குத் தெரியாது அன்ரி," என்றாள். "ஒருத்தரும் இதுவரைக்கும் கேக்கேல்லை."

தாடையோரம் வெளுப்பு ஒன்றும் அவளுடைய நிறம் ஒன்றுமாக இரண்டு நிறம் வைத்து, கைக்கண்ணாடியைக் கொடுத்தேன். அவள் வெளிச்சத்துக்கு முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பி வெகுநேரம் பார்த்தாள். பிறகு தன் நிறத்தைத் தொட்டாள். முடித்ததும் தாய் வந்து எதிரே நின்றார். மகளின் தலை முதல் கால் வரை பார்த்தார்.

"எங்கடை பிள்ளை மாதிரித்தான் இருக்கிறாள்," என்றார்.

அது குறையா, நிறைவா என்று அவருடைய குரலிலிருந்து என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. வெளியே கார் வந்துவிட்டது என்று யாரோ கூப்பிட்டார்கள். தாய் மகளின் சீலைத் தலைப்பைச் சரிசெய்துவிட்டு, கையைப் பிடித்து வாசல்வரை கூட்டிக்கொண்டு போனார்.