ராகிக் கொல்லையில் புதைந்த ஜீப்

தொண்ணூறுகளின் நடுவில், ஐப்பசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை அது. அப்போது நாங்கள் பெங்களூரு மர்பி டவுனில் வாடகை வீட்டில் இருந்தோம். ஒயிட்ஃபீல்டு தாண்டி வீடு கட்ட ஒரு சைட் வாங்கியிருந்தோம். வேலி போட அளவு பார்க்க, நானும் என் கணவரும் எங்கள் பழைய ஜீப்பில் போனோம். மிலிட்டரி ஏலத்தில் எடுத்த வண்டி. "நாலு சக்கரமும் இழுக்கும், மலையே ஏறும்" என்று அவர் பெருமையடிக்காத ஆள் கிடையாது. எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான்.

போனதுமே சண்டை. எங்கள் எல்லைக் கல்லில் பக்கத்துக் கொட்டகைக்காரர் தன் இரண்டு மாடுகளைக் கட்டியிருந்தார். முந்தின வருஷம் வரை அந்த இடம் அவருடைய ராகிக் கொல்லை. அண்ணன் தம்பி தகராறில் புரோக்கர் கைக்குப் போய், பிறகு எங்களிடம் வந்தது. என் கணவர் நல்லவர்தான், ஆனால் முன்கோபி. "இது இப்ப என் இடம், மாட்டை அவுத்துக்கிட்டுப் போய்யா" என்று தமிழிலும் கன்னடத்திலும் கத்தினார். மாட்டுக்காரர் மாடுகளை அவிழ்த்துக்கொண்டு போய்விட்டார்.

மதியம் மழை பிடித்துக்கொண்டது. கிளம்பலாம் என்று ஏறும்போதே என் கணவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். எப்படியோ அவரைப் பின்சீட்டில் படுக்க வைத்து, வண்டியை நான் எடுத்தேன். கொஞ்ச தூரம்கூடப் போகவில்லை. பின்சக்கரங்கள் செம்மண் சேற்றில் இறங்கிவிட்டன.

"ஃபோர் வீல் போடு... அந்தச் சின்ன லிவர்" என்று முனகினார். போட்டேன். ஆக்சிலேட்டரை மிதித்தால் பின்சக்கரம் மட்டும் சேற்றை வாரி இறைத்தது. தலையை நீட்டிப் பார்த்தேன், முன்சக்கரம் அசையவே இல்லை. அவரிடம் சொன்னேன்.

"கியர் பல்லு உக்காந்திருக்காது. கிளட்சை முழுசா மிதி. ரிவர்ஸ்ல லேசா ஒரு அசை அசைச்சுட்டு மறுபடியும் போடு."

அப்படியும் செய்தேன். லிவர் சரியாகத்தான் விழுந்தது. முன்சக்கரம் மட்டும் கல்லாட்டம் நின்றது. எனக்குத்தான் போடத் தெரியவில்லையோ என்று அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, சேற்றில் படுத்து வண்டிக்கு அடியில் பார்த்தேன். பின்சக்கரத்துக்கு விசை கொண்டுபோகும் இரும்புத் தண்டு இருந்தது. முன்சக்கரத்துக்குப் போக வேண்டிய தண்டைக் காணோம்.

"முன்பக்கம் ராடே இல்லைங்க!"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "ஐயோ, நான்தான் கழட்டச் சொன்னேன். மறந்தே போச்சு. அது தேஞ்சுபோய் வண்டி அதிருது, உன் இடுப்புக்கு ஆவாதுன்னு... கட்டிலுக்கு அடியில கெடக்குதே, அதான்."

சிட்டிக்குள் ஓடும் ஜீப்புக்கு அது எதற்கு என்று பலரும் கழற்றி வைப்பது உண்டு. வீடு பெருக்கும்போதெல்லாம் துடைப்பம் இடித்து நான் திட்டித் தீர்த்த இரும்புக் குழாய் அது. எனக்கு அதற்கு முன்புதான் இடுப்பில் ஆபரேஷன் ஆகியிருந்தது. எனக்காகச் செய்த காரியமே இவர் உயிருக்கு உலை வைத்துவிட்டது.

சுற்றுவட்டாரத்தில் வீடு கிடையாது, போன் கிடையாது. இருந்தது அந்தக் கொட்டகை ஒன்றுதான். எந்த முகத்தோடு போய் நிற்பது? ஆபத்துக்குப் பாவமில்லை என்று ஓடினேன். கன்னடத்தில் சொல்ல ஆரம்பித்தவள் பாதியிலேயே உடைந்து அழுதுவிட்டேன். முடியாது என்று அந்த மாட்டுக்காரர் சொல்லியிருந்தால் அதில் நியாயம் இருந்திருக்கும். "அளபேடி அக்கா" என்றார். அழாதீர்கள், அவ்வளவுதான்.

மாடுகளை ஓட்டிக்கொண்டு, தலையில் ஒரு கட்டு ராகித்தாளோடு வந்தார். மாட்டுக்கு வைத்திருந்த தீனி அது. பிரித்துப் பின்சக்கரங்களுக்கு அடியில் திணித்தார். முன் பம்பரில் கயிறு கட்டி மாடுகளைப் பூட்டினார். அவர் அதட்ட, மாடுகள் குனிந்து இழுக்க, நான் பதமாக ஆக்சிலேட்டரைக் கொடுக்க, வண்டி மேலே வந்தது.

அத்தோடு விடவில்லை. மாடுகளை மழையிலேயே ஒரு மரத்தில் கட்டிவிட்டு ஜீப்பில் ஏறினார். என் கணவரின் தலையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். வழியெல்லாம் அந்த நெஞ்சைத் தடவிக்கொடுத்துக்கொண்டே வந்தார். என் கணவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பேசாதீர்கள் என்று மாட்டுக்காரர் கையைக் காட்டித் தடுத்துவிட்டார்.

சரியான நேரத்துக்குக் கொண்டுவந்தீர்கள், பிழைத்துக்கொள்வார் என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். அதைச் சொல்லலாம் என்று திரும்பினால் மாட்டுக்காரரைக் காணோம். மாடு நனையுது என்று வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

என் கணவர் எழுந்து நடமாடத் தொடங்கியதும், பழமும் வேட்டியும் வாங்கிக்கொண்டு மன்னிப்புக் கேட்கப் போனோம். கொட்டகை பூட்டிக் கிடந்தது. மாடுகளை விற்றுவிட்டு மகள் வீட்டோடு இருக்கப் போய்விட்டாராம். எந்த ஊர் என்று சொல்ல ஒருவருக்கும் தெரியவில்லை. பிறகு பல வருஷம் வாழ்ந்த என் கணவரை, கேட்காமல் போன அந்த மன்னிப்பு கடைசிவரை உறுத்திக்கொண்டே இருந்தது.

அந்தக் கொல்லையில்தான் இப்போது எங்கள் வீடு இருக்கிறது. "சொந்த இடமா?" என்று யாராவது கேட்டால், ஆமாம் என்று சொல்ல இன்றுவரை எனக்கு நா எழுவதில்லை.