அந்த ஒரு வரிக்காகக் காத்திருந்தோம்

சில வருடங்களுக்கு முன்பு, ஆசிரியர் பயிற்சி இரண்டாம் ஆண்டில் இருந்தபோது, கல்வராயன் மலையில் ஒரு தொடக்கப் பள்ளிக்கு எங்களை அனுப்பினார்கள். கச்சிராயபாளையத்தில் பஸ் ஏறி, வளைவுக்கு வளைவு வயிற்றைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேருவோம்.

எனக்குப் பாடம் நடத்தக் கொடுத்தது மூன்றாம் வகுப்பு. அதில் ஒரு சிறுமி. அப்பா, அம்மா கரும்பு வெட்டப் போகும்போது அவளும் கூடவே போய்விடுவாள். எழுத்துகள் தெரியும், கூட்டிப் படிக்க வராது. புத்தகத்தை நீட்டினாலே முகம் வாடிவிடும். நான் புத்தகத்தை மூடிவிட்டு, "நேத்து இன்னா பண்ணே, சொல்லு" என்பேன். கடுக்காய் பொறுக்கியது, ஆட்டுக்குட்டி ஓடையில் விழுந்தது என்று அவள் சொல்வதை அப்படியே கரும்பலகையில் எழுதுவேன். அவள் சொன்னதாயிற்றே, ஆசையாகப் படிப்பாள். வகுப்பில் ஒரே சட்டம்: ஒருத்தர் படிக்கும்போது மற்றவர் எடுத்துக் கொடுக்கக் கூடாது.

செய்முறைத் தேர்வு வந்தது. நாங்கள் பாடம் நடத்துவதைத் தேர்வாளர் பின்னால் உட்கார்ந்து பார்த்து, எங்களுக்கு மதிப்பெண் போடுவார். அன்றைக்கு மட்டும், திணறுகிற பிள்ளைகளைப் பக்கத்து அறைக்கு அனுப்பிவிடுவது பயிற்சி மாணவிகளுக்குள் வழக்கம். யாரும் அதைத் தப்பாகவே நினைப்பதில்லை. என் தோழி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"இன்னாடி, அந்தப் பொண்ண உள்ளயே வச்சிக்கினு இருக்க? மார்க் போயிடும்டி!"

"போனா போவட்டும். அவளும் என் கிளாஸ்தான்."

வாய்தான் அப்படிச் சொன்னது. தேறாவிட்டால் படிப்பை நிறுத்திவிடுவதாக வீட்டில் சொல்லியிருந்தார்கள்.

பாடத்தின் நடுவில் அவளைத்தான் எழுப்பினேன். பாடப் புத்தகத்தில் ஒரே ஒரு வரி. முதல் சொல்லைப் படித்தாள். இரண்டாவதில் நின்றுவிட்டாள். முன் வரிசைச் சுட்டி ஒருத்திக்கு வாய் துறுதுறுத்தது; பாவம், கையால் பொத்திக்கொண்டாள். தேர்வாளர் கடிகாரத்தைப் பார்த்தார். சொல்லிக் கொடுத்துவிடலாமா என்று எனக்கே நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன்.

"நிதானமா படிம்மா, நாங்க இருக்கோம்."

விரலை வைத்து, எழுத்து எழுத்தாகக் கூட்டி, வரியின் கடைசி வரை வந்துவிட்டாள். அப்பாடா! பிள்ளைகள் கேட்காமலே கை தட்டினார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்குள் மணியும் அடித்துவிட்டது.

"பாடம் பாதியில நிக்குதேம்மா" என்றார் தேர்வாளர்.

"ஆமாங்க ஐயா. பாடத்த நாளைக்கு முடிச்சிடுவேங்க. அந்தப் புள்ளைய பாதியில உக்கார வைக்க மனசு வரலைங்க."

மதிப்பெண் கம்மியாகத்தான் வந்தது, எப்படியோ தேறிவிட்டேன்.

இப்போது சின்னசேலம் பக்கம் எனக்கென்று ஒரு வகுப்பு இருக்கிறது. எந்த அதிகாரி வந்தாலும் என் பிள்ளைகள் அத்தனை பேரும் உள்ளேதான் இருப்பார்கள். ஒரு பிள்ளையை வெளியே அனுப்பிவிட்டு வாங்குகிற நல்ல பெயர் எனக்கு வேண்டவே வேண்டாம்.