சாவதற்கு முன்னால் அறுத்த கோழி

கோழிக்கு நோய் வந்தால்தான் எனக்கு வேலை. அந்த வேலை தொடங்குவதற்குள் வீட்டுக்கு வீடு குழம்பு கொதித்துவிடும். வாசல் வாசலாகப் போய்ப் புத்தி சொல்லும் பிழைப்பில் இருப்பவர்களுக்கு இது புரியும். நான் கால்நடை இலாகாவில் ஒப்பந்த ஊழியன். இந்தக் கதையின் தொடக்கத்தை நான் பார்க்கவில்லை, கேள்விப்பட்டதுதான்.

லோரியில் வந்த சேதி

நான் பிறந்த தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளில், அதாவது லயத்தில், கோழிகள் சுருண்டு விழுவதாகப் பிரிஞ்சாங் ஊர்க் காய்கறி லோரிக்காரர் சொன்னார். பறவைக் காய்ச்சலாக இருந்தால், நன்றாக வெந்த கறியைத் தின்பதைவிட நோய்க் கோழியை அறுப்பதும் இறகு பிடுங்குவதும்தான் ஆபத்து. "செத்ததைத் தின்னுட்டாங்களா அண்ணே?" என்றேன். "சேச்சே, செத்ததை யாரு தம்பி தின்பா? சாகுறதுக்கு முன்னாடியே அறுத்துட்டாங்க லா!"

மரியாதை

நான் லயத்துக்குப் போனபோது, கொழுந்து பறிக்கும் மல்லிகா அக்கா வாசலில் உட்கார்ந்து வெறுங்கையால் இறகு பிடுங்கிக்கொண்டிருந்தார். நான் முகக்கவசம், கையுறை, கண்ணாடி எல்லாம் மாட்டி, எட்டி நின்று ஆபத்தை விளக்கினேன். செத்துக் கிடந்த ஒரு கோழியைச் சோதனைக்குப் பையில் போட்டேன். அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "நாங்க தேயிலைக்கு மருந்தடிக்கிறப்போ இதுல ஒண்ணுகூடக் குடுத்ததில்லையே தம்பி. கோழிக்கா இவ்வளவு மரியாதை?"

நேர்ந்துவிட்ட சேவல்

ஞாயிற்றுக்கிழமை முனியாண்டி பூசைக்கு நேர்ந்துவிட்ட சேவலும் தலை தொங்கி நின்றது. பறவைக் காய்ச்சல் என்று உறுதியானால் லயத்துக் கோழி மொத்தத்தையும் இலாகா அழித்துவிடும். தோட்டத்து ஆட்களை மேய்க்கும் கங்காணி என்னை ஓரமாக அழைத்தார். "வாயத் திறக்காதப்பா. முனிக்கு என்ன, பிராய்லரையா வெட்டச் சொல்றே?"

யாருக்குக் காய்ச்சல்?

அந்த வாரமே அக்காவுக்குக் காய்ச்சலும் இருமலும். கிளினிக் போனால் கோழி விஷயம் வெளியாகிவிடும் என்று கஷாயம் குடித்தபடி படுத்துவிட்டார். டாக்டரிடம் கோழியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது என்றேன். லயமே என்னை முறைத்தது. அக்காவுக்கு மூச்சு வாங்கியதும் அதே கங்காணிதான் காரை எடுத்தார். திரும்பி வந்த அக்காவுக்குக் கோபம் தணியவில்லை. "காய்ச்சல் எனக்கு. அந்த டாக்டரு கோழி எப்படிச் செத்துச்சுன்னு கேக்குறாரு!"

அக்காவுக்கு வந்தது வழக்கமான சளிக்காய்ச்சல்தான், கோழிகளுக்கு வந்தது பறவைக் காய்ச்சல் இல்லை, வெள்ளைக்கழிச்சல்தான் என்று பிறகு விசாரித்து உறுதிசெய்துகொண்டேன். ஆனால் அந்தச் சோதனை முடிவு மலையேறி வருவதற்குள் முனியாண்டி தம் சேவலைப் பலியாக வாங்கிக்கொண்டுவிட்டார், இறகு பிடுங்கியது மல்லிகா அக்காவின் மகள்.